ஒரு தடவைக்கு மேல் வந்ததில்லை

பையைக் காலுக்கடியில வச்சுக்கிறேன் தங்கச்சி, இடிக்கலையே? ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு இன்னைக்கு வெயில் பார்த்தது போதும். செக்கானூரணி தாண்டுனா கூட்டம் குறைஞ்சிரும். அதுவரைக்கும் இந்த நசுக்கல்தான்.

நான் ஆண்டிபட்டி. பூங்கோதை டீச்சர்னு கேட்டா எங்க ஊர்ல யாரு வேணாலும் சொல்லுவாங்க. பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பிளஸ் டூவுக்கு எக்கனாமிக்ஸ் எடுக்கிறேன். நீங்க தேனி வரைக்குமா? மடியில என்ன, ஸ்கேன் கவரா? வீட்டுக்காரருக்கா? முதுகுவலியாத்தான் இருக்கும். ஆபரேஷன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. கட்டிலை விட்டுட்டுப் பாயில படுக்கச் சொல்லுங்க, ஒரு மாசத்துல எந்திரிச்சு நடப்பாரு. என்ன? அவருக்கு இல்லையா? சரி, யாருக்கா இருந்தாலும் அதுதான். பயப்படக்கூடாது. பயந்தா பாதி வியாதி கூடிப்போகும்.

என்னையத்தான் பாருங்களேன். இந்த வயசுல, நாப்பத்தேழு வயசுல, காலையில குளிச்சு, பட்டுச்சேலையா காட்டனான்னு யோசிச்சு, காட்டனைக் கட்டிக்கிட்டு ஒரு காலேஜுக்கு இன்டர்வியூவுக்குப் போய், வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நான் எத்தனை பிள்ளையை பாஸ் பண்ண வச்சிருப்பேன். என்னைய ஃபெயிலாக்கிட்டாங்க.

கவுன்சலிங் படிப்புங்க. எம்.எஸ்ஸி. ரெண்டு வருஷம், சனி ஞாயிறு மட்டும் கிளாஸ். பக்கத்து வீட்டுல சொன்னா, "உங்க பொண்ணுதான் ஏற்கனவே காலேஜ்ல சேந்திருச்சே, இன்னும் என்ன கவுன்சலிங்?"ங்குறாங்க. அது சீட்டுப் பிடிக்கிறதுக்கு, இது மனசு சம்பந்தப்பட்டதுன்னு விளக்கிச் சொன்னேன். "மனசுல உங்களுக்கு என்ன டீச்சர்?"னு அடுத்த கேள்வி. விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் கரண்டு ஆபீஸ்ல இருக்காரு, அவரு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. "நீ போய்க் கத்துக்கிட்டு வரணுமா, அவங்களுக்குக் கத்துக் குடுத்துட்டு வருவே"ன்னாரு. கிண்டல்தான். ஆனா அதுல ஒரு உண்மை இருக்கா இல்லையா?

ஏன் சொல்றேன்னா, எங்க பள்ளிக்கூடத்துல எந்தப் பிள்ளை அழுதாலும் என்கிட்டதான் அனுப்புவாங்க. ஹெச்.எம். அனுப்புவாங்க, மத்த டீச்சருங்க அனுப்புவாங்க. லேபுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம், உடைஞ்ச பெஞ்செல்லாம் போட்டு வச்சிருக்கும், அங்க கூட்டிட்டுப் போயிருவேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்து நிக்கும். என்ன ஏதுன்னு நான் வளவளன்னு கேட்டுக்கிட்டு இருக்கிறதில்லை. மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுபோகும். பதினேழு வயசுப் பிள்ளைக்கு என்ன இருக்கப்போகுது? மார்க்கா இருக்கும், பையனா இருக்கும், இல்லைன்னா அப்பன் குடிச்சுட்டு வந்து அடிச்சிருப்பான். எதுக்கு என்ன சொல்லணுமோ எடுத்துச் சொல்லுவேன். கடைசியில கையை நீட்டுவேன், இந்தா, இப்படி. "டீச்சர் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, இனிமே அழமாட்டேன்னு." பண்ணும். முகத்தைக் கழுவிக்கிட்டுக் கிளாசுக்குப் போயிரும். அவ்வளவுதான் வைத்தியம்.

ஒரு தடவை வந்த பிள்ளை மறுபடி வந்ததே கிடையாது தங்கச்சி. இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட வந்ததில்லை. அந்த ரூம் வாசல்ல இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் ரெண்டாவது தடவை நின்னதில்லைன்னு சத்தியமாச் சொல்லுவேன். வழியில பார்த்தாக்கூடத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒதுங்கிப் போயிருங்க, அந்த அளவுக்கு மரியாதை. இதை விட என்ன படிப்பு வேணும்?

அப்புறம் எதுக்கு அப்ளிகேஷன் போட்டேன்னு கேக்குறீங்க. கேக்கலையா? கேட்ட மாதிரி இருந்துச்சு.

எனக்கு ஒரே பொண்ணு. மதிவதனி. கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்து படிக்குது, கடைசி வருஷம். நல்ல பிள்ளை. வந்தா வந்த இடம் தெரியாது, போனா போன இடம் தெரியாது. வீட்டுக்கு வந்தா சாப்பிடும், துணியைத் துவைக்கும், மாடியில போய் உக்காந்துக்கும். "ஏன்டி பேசாம இருக்கே?"ன்னா, "ஒண்ணுமில்லம்மா." "காலேஜ்ல எப்படிப் போகுது?" "நல்லாப் போகுதும்மா." நானும் சரி, அமைதியான பிள்ளை, அவங்க அப்பா குணம்னு விட்டுட்டேன்.

போன ஆவணியில அந்தக் காலேஜ்ல பேரன்ட்ஸ் மீட்டிங். நான் மட்டும் போனேன். வாத்தியாருங்களை எல்லாம் பார்த்து முடிச்சு, மாடிப்படி இறங்கி வர்றேன், ஒரு பொண்ணு எதுக்க வந்துச்சு. மதியை விட ஏழெட்டு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். "நீங்க மதிவதனி அம்மாவா? ஒரே முகமா இருக்கு"ன்னுச்சு. ஆமான்னேன். "நான் இங்க கவுன்சிலர். மதி ரொம்ப நல்லாப் பேசுவா"ன்னு சிரிச்சுச்சு. சிரிச்ச உடனே அதுக்கே என்னமோ போல ஆயிருச்சு, சொல்லக்கூடாததைச் சொல்லிட்ட மாதிரி.

எனக்குக் காதுல சரியா விழுகலையோன்னு இருந்துச்சு. யாரு பேசுவா? என் பொண்ணா? "என்ன பேசுவா?"ன்னு கேட்டேன். "அதை நீங்க மதிகிட்டயே கேளுங்கம்மா"ங்குது. "வாராவாரம் வருவாளா?" அதுக்கும் அதே பதில். நான் கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் கேட்டேன். பெத்தவ நான், பத்து மாசம் சுமந்தவ, எனக்குச் சொல்ல மாட்டியா? சொல்லக்கூடாதாம். அதுதான் அவங்க தொழில் முறையாம். படிக்கட்டுலயே நின்னுட்டேன் தங்கச்சி. வயிறு எரிஞ்சுச்சு. பொறாமைதான், வேற என்ன. யாரோ ஒரு பொண்ணு, அது முன்னாடி உக்காந்து என் பிள்ளை வாயைத் திறந்து பேசுது. என்கிட்ட ஒண்ணுமில்லம்மா.

அப்புறம் விசாரிச்சேன். கூடப் படிக்கிற பிள்ளைகிட்ட நயமாக் கேட்டதுல, மதி வியாழக்கிழமையானா அங்க போகும்னு சொல்லுச்சு. முதல் வருஷத்துல இருந்தே போகுதாம். அப்ப நீங்களே சொல்லுங்க, மூணு வருஷமா ஒரு பிள்ளை வாராவாரம் போகுதுன்னா அந்தம்மா என்ன கவுன்சலிங் பண்ணுது? என்கிட்ட வந்திருந்தா ஒரே நாள்ல முடிச்சு அனுப்பியிருப்பேன்.

மதிகிட்டயும் கேட்டேன், கேக்காம இருப்பேனா. தீபாவளிக்கு வந்தப்போ முறுக்குச் சுட்டுக்கிட்டே கேட்டேன். "அந்தக் கவுன்சிலர்கிட்ட என்னத்தடி பேசுறே? லவ்வா? எதுவா இருந்தாலும் சொல்லு, நான் திட்டமாட்டேன். ஆனா லவ்வா மட்டும் இருக்கக்கூடாது"ன்னேன். அது முறுக்கைத் திருப்பிக்கிட்டே, "ஒண்ணுமில்லம்மா"ன்னுச்சு. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லை. அழவே அழாது. ஒன்பதாம் வகுப்புல தினமும் சாயங்காலம் பாத்ரூம்ல போய் அழுதுக்கிட்டு இருந்துச்சு. ஒருநாள் கூப்பிட்டு உக்கார வச்சு, நாலு நல்ல வார்த்தை சொல்லி, கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனேன். அன்னையில இருந்து அது அழுது நான் பார்த்ததில்லை. சொன்ன சொல்லைக் காப்பாத்துற பிள்ளை. அப்ப எதுக்கு அழுதுச்சுன்னா கேக்குறீங்க? ஏதோ பள்ளிக்கூடத்து விஷயம். சொல்லியிருக்கும், எனக்குத்தான் ஞாபகமில்லை.

அப்பதான் முடிவு பண்ணேன். நாமளும் அந்தப் படிப்பைப் படிச்சா என்ன? ஒரே தொழில்னு ஆகிட்டா அந்தம்மா என்கிட்ட சொல்லித்தானே ஆகணும். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டர்கிட்ட சொல்றதில்லையா? அது இல்லைன்னாலும், மதியே நினைக்கும்ல, அம்மாவும் படிச்சிருக்கா, அம்மாகிட்டயே பேசலாமேன்னு. இந்த சித்திரையோட அதுக்குப் படிப்பு முடியுது. அப்புறம் சென்னையோ பெங்களூரோ வேலைன்னு போயிரும். போயிட்டா மாசத்துக்கு ஒரு போன். அதுக்குள்ள என் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மனசைத் திறந்து பேசிட்டா எனக்குப் போதும். வேற ஆசை இல்லை.

அப்ளிகேஷனை மதிதான் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துச்சு. "இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?"னு ஒரு கேள்வி. "சமுதாயத்துக்குச் சேவை செய்ய, அதுவும் இளைய தலைமுறைக்கு"ன்னு நான் சொல்லச் சொல்ல அது அடிச்சுச்சு. நடுவுல நிறுத்திட்டு, "உண்மையிலேயே ஏம்மா?"ன்னு என் முகத்தைப் பார்த்துச்சு. "சொன்னதை அடி"ன்னேன். அடிச்சிருச்சு.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? கண்டக்டர் வர்றாரு. ஆண்டிபட்டி ஒண்ணுங்க. சில்லறை இருக்கு.

எங்க விட்டேன்? இன்டர்வியூ. மூணு பேரு உக்காந்திருந்தாங்க. நடுவுல ஜெசிந்தா மேடம்னு ஒருத்தவங்க, தலையெல்லாம் நரைச்சு, கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு. அவங்கதான் எல்லாத்துக்கும் பெரியவங்க. முதல்ல என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னாங்க. விட்டேனா? அந்த ரூம், சத்தியம், எல்லாம் சொன்னேன். "அந்தப் பிள்ளைங்க மறுபடியும் உங்களைத் தேடி வந்திருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணுகூட வந்ததில்லை மேடம்"னேன், பெருமையா. மூணு பேரும் ஒரே நேரத்துல குனிஞ்சு எழுதுனாங்க. நல்ல மார்க்குத்தான் போடுறாங்கன்னு நினைச்சேன்.

அப்புறம் ஒரு நாடகம் மாதிரி வச்சாங்க. அங்கேயே படிக்கிற ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து எதுக்க உக்கார வச்சு, "இவங்க உங்ககிட்ட உதவி கேட்டு வந்திருக்காங்க, பத்து நிமிஷம் பேசுங்க"ன்னாங்க. அந்தப் பொண்ணு நல்லாத்தான் நடிச்சுச்சு. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கிட்டே, "எனக்கு ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது மேடம், ஒரு மாசமா..."ன்னு ஆரம்பிச்சுச்சு. எனக்கு அதுவே போதும். போனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தா எப்படித் தூக்கம் வரும்? ஒன்பது மணிக்குப் போனை அம்மாகிட்ட குடுத்துரு, பால்ல மஞ்சளைப் போட்டுக் குடி, காலையில வெள்ளனே எந்திரிச்சு வாசல் தெளி, உடம்பு அசந்தா தூக்கம் தானா வரும்னு அடுக்குனேன். அது நடுவுல, "இல்லை மேடம், எங்க வீட்டுல..."ன்னுச்சு. "வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அதைக் காதுல போட்டுக்காதே"ன்னேன். அப்புறம் கையை நீட்டுனேன். "அடிச்சுச் சத்தியம் பண்ணு, இனிமே கண்டதை நினைச்சு முழிச்சிருக்க மாட்டேன்னு." அந்தப் பொண்ணு என் கையைப் பார்க்குது, மேடத்தைப் பார்க்குது, மறுபடி என் கையைப் பார்க்குது. நான் நீட்டுன கையை மடக்கலை. பாவம், மெதுவா ஒரு தட்டுத் தட்டுச்சு. பத்து நிமிஷம் குடுத்ததுல மூணு நிமிஷத்துல முடிச்சிட்டேன்.

சொல்லுங்க, ஏதோ சொல்ல வந்தீங்க. உங்களுக்கும் தூக்கம் வர்றதில்லையா? இந்த ஸ்கேன் எடுத்ததுல இருந்தா? அட, அது உங்களோட ஸ்கேனா? பார்த்தா அப்படித் தெரியலையே, நல்லாத்தானே இருக்கீங்க. ரிசல்ட்டை நினைக்காதீங்க, தூக்கம் வந்திரும். இருங்க, இதை முடிச்சிடுறேன். இதுக்கப்புறம்தான் இருக்கு விஷயமே.

ஜெசிந்தா மேடம் கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க. "டீச்சர், அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?"ன்னு கேட்டாங்க. நான் வரிசையாச் சொன்னேன். போனைத் தள்ளி வைக்கணும், பால் குடிக்கணும், வெள்ளனே எந்திரிக்கணும்னு. "அதெல்லாம் நீங்க சொன்னது. அவ சொன்னது என்ன?"ன்னாங்க. தூக்கம் வரலைன்னு சொன்னா. "அப்புறம்?" அப்புறம் ஒண்ணும் சொல்லலையேன்னேன். உடனே மேடம் அந்தப் பொண்ணைப் பார்த்து, "உனக்கு என்ன கதை குடுத்திருந்தோம், சொல்லும்மா"ன்னாங்க. அது தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. அதோட தம்பி செத்துப் போயிட்டானாம். ஒரு மாசம் ஆச்சாம். ஒரே ரூம்லதான் ரெண்டு பேரும் படுப்பாங்களாம், அந்தக் கட்டில் இன்னும் அங்கேயே கிடக்காம்.

எனக்குக் கோவம் வந்திருச்சு. அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? தம்பி செத்துட்டான்னு வந்த உடனே சொன்னா நான் வேற மாதிரி பேசியிருக்க மாட்டேனா? துக்க வீட்டுக்கு நான் போகாததா? "சொல்றதுக்குள்ள நீங்க முடிச்சிட்டீங்க டீச்சர்"னாங்க மேடம். மெதுவாத்தான் சொன்னாங்க, கோவமே இல்லை. திட்டியிருந்தாக்கூடப் பதிலுக்கு ஏதாச்சும் பேசியிருப்பேன்.

வெளிய வராண்டாவுல உக்காரச் சொன்னாங்க. சுத்தி உக்காந்திருந்தது எல்லாம் சின்னப் பிள்ளைங்க, என்கிட்ட படிச்ச பிள்ளைங்க வயசு. ஒண்ணு எனக்கு எந்திரிச்சு இடம் குடுத்துச்சு. மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி மேடமே வெளிய வந்தாங்க. பியூனை அனுப்பிச் சொல்லாம அவங்களே வந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "இந்த வருஷம் வேணாம் டீச்சர். அடுத்த வருஷம் கட்டாயம் வாங்க"ன்னாங்க. ஏன்னு கேட்டேன். இருபது வருஷம் பிள்ளைங்களோடயே இருக்கேனே, எனக்கு என்ன குறைன்னு கேட்டேன். கண்ணுல தண்ணி வந்திருச்சு. மேடம் வந்து பக்கத்துல உக்காந்தாங்க. ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. நான்தான் பேசுனேன். என்ன பேசுனேன்னு சரியா நினைவில்லை, படிக்கட்டுல அந்தக் கவுன்சிலரைப் பார்த்தது, மதி, எல்லாம் சொல்லிட்டேன்னு நினைக்கிறேன். வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லாதது. எப்படிச் சொன்னேன்னே தெரியலை.

கடைசியில எந்திரிக்கும்போது, "ஒரு வீட்டுப்பாடம் தரட்டுமா?"ன்னாங்க. எனக்கே வீட்டுப்பாடம், பாருங்க. "மதி உங்ககிட்ட ஏதாவது சொல்ல வந்தா, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம இருந்து பாருங்க. பதில் சொல்லாதீங்க, கேள்வியும் கேக்காதீங்க. முடிஞ்சா மட்டும்." இதுல என்ன முடியாம போறதுக்கு இருக்கு? வாயை மூடிக்கிட்டு இருக்கிறது ஒரு பாடமா? அதுக்கு ரெண்டு வருஷம், எம்.எஸ்ஸி. வேற. எனக்கு அலுத்துப்போச்சு தங்கச்சி. தலை வேற வலிக்குது. காலையில சாப்பிட்ட ரெண்டு இட்லிதான்.

உசிலம்பட்டி வந்திருச்சு. இங்க பத்து நிமிஷம் போடுவான். டீ வேணுமா? எனக்கும் வேணாம், இறங்குனா மறுபடி இந்தக் கூட்டத்துல ஏறணும்.

இருங்க, போன் அடிக்குது. மதி. இந்த நேரத்துல அவ கூப்பிடவே மாட்டாளே. இன்டர்வியூ என்னாச்சுன்னு கேக்கத்தான் இருக்கும். இந்தப் போன்ல காதுல வச்சாக் கேக்காது, ஸ்பீக்கர்லதான் பேசணும், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப பாருங்க, மேடம் சொன்ன மாதிரி இருந்து காட்டுறேன். சொல்லு கண்ணு.

கேட்டீங்கல்ல? நீங்களும் கேட்டீங்கல்ல? "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும், ரொம்ப நாளாச் சொல்லணும்னு..."ன்னுச்சு. அந்த மாதிரி ஒரு வார்த்தை அது வாயில இருந்து நான் கேட்டதே இல்லை. என்னடி, யாருடி, என்ன ஆச்சுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன். முந்தானையை எடுத்து வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன், நீங்கதான் பார்த்தீங்களே. அது கொஞ்சம் நிறுத்துச்சு. அப்புறம், "அம்மா?"ன்னுச்சு. நான் பேசலை. "அம்மா, கேக்குதா?" நான் பேசலை. "ஹலோ... ஹலோ..." அப்பவும் பேசலை. அப்புறம் பக்கத்துல யாருகிட்டயோ சொல்லுச்சு, "அம்மாதான். சத்தமே இல்லை, லைன் கட்டாயிருச்சு போல." வச்சிருச்சு.

இந்தா, மெசேஜ் வந்திருக்கு. "பஸ்ல சிக்னல் இல்லை போலம்மா. ஒண்ணுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன்."

சிக்னல் இல்லையாம். அந்தா, எதுக்கதான் டவர் நிக்குது. போன்லயும் கோடு முழுசா இருக்கு பாருங்க. நான் பேசாம இருந்தா, நான் இல்லைன்னு நினைச்சுக்கிருச்சு தங்கச்சி. நான் இங்கதான் இருந்தேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.